சந்தனம் அடைத்த கார்புரேட்டர்

கீரனூரில் திருச்சி ரோட்டு மேலேயே இருக்கிற லேத் பட்டறை என்னுடையது. அதற்குப் பின்னால் தெரிகிற மாடி வீடும் நான் கட்டியதுதான். குளத்தூர்ப் பக்கம் வெறும் பாறை, தண்ணீரே வராது என்று எல்லாரும் கைவிட்ட கொல்லைகளில் என் போர்வெல் வண்டி இறங்கித் தண்ணீர் எடுத்துக் கொடுத்திருக்கிறது. ஷாப்ட் உடைந்து நின்றுபோன அரிசி மில்லுக்கு, கம்பெனிக்காரன் ஆறு மாதம் ஆகும் என்று கையை விரித்தபோது, நானே கடைந்து போட்டு ஓட விட்டேன். அது இன்னும் ஓடுகிறது. பட்டறை வைக்கப் போகிறேன் என்று பேங்குக்குப் போன நாளில் என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. அதே பேங்கின் மேனேஜர் இப்போது என் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிறார். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. என் எழுத்தில் பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். சொல்கிற விஷயத்தில் பிழை இருக்காது.

இதெல்லாம் ஊர் பார்க்கச் செய்தது. யாரும் மறுக்க முடியாது. ஆனால் நான் செய்த முதல் ரிப்பேர் ஒன்று இருக்கிறது. அது யார் வாயிலும் வரவில்லை. வந்தாலும் தலைகீழாக வருகிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

அப்போது ஐந்தாம் வகுப்பு முடிந்து பள்ளிக்கூடம் நின்றிருந்தது. கிணறு வெட்டுகிற இடத்தில் வெடி முந்திக்கொண்டதில் அப்பா போய்விட்டார். ஆத்தா என்னைக் கையில் பிடித்துக்கொண்டு தன் தம்பியிடம், அதாவது என் தாய்மாமனிடம், வந்து சேர்ந்தாள். மாமாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. சொந்த வீடும் கிடையாது. இலுப்பூர்ப் பக்கம் ஒரு பெரிய பங்களாவில் அவர்தான் டிரைவர், அவர்தான் மெக்கானிக். கார் ஷெட்டுக்குப் பின்னால் ஓர் அறை கொடுத்திருந்தார்கள். மூன்று பேரும் அதில் இருந்தோம். ஆத்தா பங்களாவில் பாத்திரம் தேய்த்தாள். பங்களாக்காரரை எல்லாரும் ஐயா என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

ஐயாவிடம் வேறு கார்களும் இருந்தன. அவர் உயிரை வைத்திருந்தது ஒன்றின் மேல்தான். மலையில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பிப் போகும்போது விற்றுவிட்டுப் போன வண்டி. கரும்பச்சை நிறம். மேலே கூரை கிடையாது, இரண்டே பேர்தான் உட்காரலாம். தரையோடு தரையாகப் போகும். ஐயா அதில் உட்கார்ந்தால் ரோட்டோரம் நிற்கிற ஆட்டின் முகமும் அவர் முகமும் ஒரே மட்டத்தில் இருக்கும். ஆனாலும் அவர் ஊரையே மேலேயிருந்து பார்க்கிற மாதிரித்தான் பார்ப்பார்.

மற்ற வண்டிகளுக்கு ஒரு கார்புரேட்டர் என்றால் இதற்கு இரண்டு. வெள்ளி மாதிரி பளபளவென்று பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். அந்த இரண்டும் ஒழுக ஆரம்பித்தன. வண்டி நின்ற இடமெல்லாம் பெட்ரோல் ஈரம். ஒரு தடவை ரோட்டில் புகை கிளம்பி, மாமா மண்ணை அள்ளிப் போட்டு அணைத்தார். ஐயா அவரைக் கூப்பிட்டுச் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"விஜயதசமி அன்னிக்கு இந்த வண்டியிலதான் விராலிமலைக்குப் போறேன். அப்பவும் ஒழுகுச்சுன்னா திருச்சியிலேர்ந்து ஆளு வருவான். புது கார்புரேட்டரோட வருவான். அவனே இங்க இருந்துக்கிருவான்."

"சரிங்க ஐயா" என்றார் மாமா.

அன்று சாயங்காலம் ஆத்தா அவரிடம், "வேல போனா இந்த ரூமும் போயிருமேடா, எங்கிட்டுப் போறது?" என்று கேட்டாள்.

எனக்கும் அந்த விஜயதசமியில் ஒரு காரியம் இருந்தது. மாமா வேலை செய்யும்போது நான் பக்கத்தில் நிற்கலாம், ஆனால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்க வேண்டும். எதையும் தொடக் கூடாது. தொட்டால் ஸ்பானராலேயே முட்டியில் விழும். அப்படியே மாதக்கணக்காகப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு நாள் அவராகவே சொன்னார்: "விஜயதசமி அன்னிக்கு சாமி முன்னால வச்சு ஒங் கையில ஸ்பானர் தாரேன்டா. அன்னியிலேர்ந்து நீ ஷெட்டு ஆளு." மற்ற பிள்ளைகள் அன்று நெல்லில் எழுதத் தொடங்குவார்கள். எழுத்து என்னைவிட்டுப் போய்விட்டது. எனக்கு ஸ்பானர் என்று வைத்துக்கொண்டேன். அதை நினைத்து நினைத்துச் சரியாகத் தூங்கக்கூட இல்லை.

மாமா கார்புரேட்டர் இரண்டையும் கழற்றினார். கீழ்ப்பக்கம் பெட்ரோலை நிறுத்துவதற்கு உள்ளே தக்கை வளையங்கள் இருக்கும். அவை காய்ந்து சுருங்கிப்போயிருந்தன. அந்த வளையம் இங்கிலாந்திலிருந்து வர வேண்டும். மாமா மருந்து பாட்டில் கார்க்கை எடுத்து, பிளேடால் வெற்றிலை நரம்பு கிள்ளுகிற மாதிரி மெல்லிசாக வெட்டி, வளையம் பண்ணி, எண்ணெயில் ஊறப் போட்டார். அந்த வேலையில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. இதை நான் ஒப்புக்கொள்கிறேன். அடுத்தவன் பெருமையைத் திருடுகிற அளவுக்கு எனக்குக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

மாமா எல்லாவற்றையும் திரும்பப் பூட்டப் போகும்போது ஐயா வந்து தடுத்துவிட்டார். மறுநாள் ஆயுத பூஜை. இந்த வண்டிக்கு யாரோ கண் வைத்துவிட்டார்கள், அதனால்தான் ஓயாமல் சங்கடம் வருகிறது என்பது அவருடைய எண்ணம். கழற்றின சாமான் ஒவ்வொன்றுக்கும் பூஜை நடக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். சூடம் காட்டுவதால் டாங்கில் இருந்த பெட்ரோலை மாமா முன்பே இறக்கி வைத்துவிட்டார்.

ஷெட்டில் வாழையிலை விரித்து, ஸ்பானர், ஜாக்கி, கார்புரேட்டர் சாமான்கள் எல்லாவற்றையும் வரிசையாக வைத்தோம். நானும் ஆத்தாவும் கதவோரம் நின்றோம். ஐயா பட்டு வேட்டி கட்டிக்கொண்டு வந்து, சந்தனக் கிண்ணத்தில் மோதிர விரலை முக்கி, தன் கையாலேயே ஒவ்வொன்றுக்கும் சந்தனம் வைத்தார். மூடிக்கு வைத்தார். பெட்ரோல் நிற்கிற கிண்ணத்துக்கு வைத்தார். குண்டூசி கனம் இருக்கிற ஊசிக்கும் வைத்தார். அந்த ஊசி போய் உட்காருகிற பித்தளைத் துளைக்கும் ஓர் அப்பு அப்பினார். மாமா மெதுவாக, "ஐயா, உள்சாமானுங்க..." என்று இழுத்தார்.

"சாமிக்கு என்னப்பா உள்ளு, வெளி" என்றார் ஐயா.

எல்லாச் சாமானும் கல்யாண வீட்டு ஆட்கள் மாதிரிப் பொட்டு வைத்துக்கொண்டு கிடந்தன. பார்க்க எனக்குச் சிரிப்பாக இருந்தது. சூடம் காட்டி முடிந்ததும் ஷெட்டைப் பூட்டிச் சாவியை ஐயாவே கொண்டுபோய்விட்டார். பூஜையில் வைத்ததை மறுநாள் வரைக்கும் யாரும் தொடக் கூடாது. நாங்கள் பொரியும் சுண்டலும் தின்றுவிட்டுப் படுத்தோம்.

விஜயதசமி காலையில் மறுபூஜை முடிந்து சாவி வந்தது. நான் குளித்து, விபூதி பூசி, கையை நீட்டத் தயாராக நின்றேன். மாமா, "வண்டி ஸ்டார்ட் ஆகட்டும்டா, குடுக்குறேன்" என்றார். சாமான்களைத் துணியால் துடைத்தார். பெட்ரோலில் போட்டு அலசினார். பூட்டினார். டாங்கில் பெட்ரோல் ஊற்றினார். உடனே இரண்டிலிருந்தும் ஒழுகியது. முன்னைவிட அதிகமாக ஒழுகியது.

பங்களாத் தோட்டக்காரர் எட்டிப் பார்த்தார். "என்ன மாப்ள, பசு மாடு தேவலாம் போலருக்கே. சொம்பு கொண்டாரவா?"

"போய்யா அங்கிட்டு."

மாமா திரும்பக் கழற்றி அடித் தக்கைகளைப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தன. ஆனாலும் வேறு மாற்றிப் பூட்டினார். மறுபடி ஒழுகியது. அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஐயா பங்களாவுக்குள் வீட்டுப் பூஜையில் இருந்தார். மணிச் சத்தம் நின்றால் அடுத்து அவர் வருவார்.

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தேன். ஈரம் அடியில் தொடங்கவில்லை. மேல் மூடிக்குப் பக்கத்தில் தொடங்கி வழிந்து, அடியில் வந்து சொட்டியது.

"மாமா, மேலேர்ந்து வருது."

"வாய மூடிக்கிட்டு நில்லு."

அவர் தன் தக்கையையே சந்தேகப்பட்டார். இன்னொரு மருந்து பாட்டில் கேட்டு வாங்க பங்களாவுக்கு ஓடினார். ஷெட்டில் நான் மட்டும் இருந்தேன். ஸ்பானர் கீழே கிடந்தது. அன்று விஜயதசமி, தொடலாம். யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. நானே எடுத்தேன். அன்று தொடங்கி இன்றுவரை எனக்கு யாரும் எதையும் எடுத்துக் கொடுத்ததில்லை.

பெட்ரோலை அடைத்துவிட்டு ஒரு கார்புரேட்டரின் மேல் மூடியைக் கழற்றினேன். வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் மிதவை மேலே வந்ததும் குழாய் நிற்கிறது அல்லவா, அதே வேலைதான் இதிலும். பெட்ரோல் ஏறினால் மிதவை ஏறும். மிதவை ஏறினால் ஊசி போய்த் துளையை அடைக்கும். மாமா செய்ததைப் பார்த்திருந்தேன். ஊசியைத் துளையில் வைத்து அழுத்தி, மறுபக்கம் வாயை வைத்து ஊதினேன். காற்றுப் போகக் கூடாது. போயிற்று. வாயில் பெட்ரோல் நெடி. அதோடு இன்னொரு வாசமும் வந்தது. நாக்கை வைத்துப் பார்த்தேன். நெற்றியிலிருந்து வியர்வையோடு வாய்க்கு வழியுமே, அந்தக் கசப்பு. சந்தனம்தான். காய்ந்து, துளையின் விளிம்பில் பொருக்காக ஒட்டியிருந்தது. பெட்ரோலில் எத்தனை அலசினாலும் அது கரையாது. அதற்குத் தண்ணீர் வேண்டும்.

எடுத்துக்கொண்டு அறைக்கு ஓடினேன். அடுப்பில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு டம்ளரில் மொண்டு ஊசியையும் துளைச் சாமானையும் உள்ளே போட்டேன். தண்ணீர் மஞ்சளாகக் கலங்கியது.

"என்னடா அது?" என்றாள் ஆத்தா.

"சந்தனம் ஆத்தா. ஐயா வச்ச சந்தனம் அடச்சிருக்கு."

அவள் டம்ளரை எட்டிப் பார்த்தாள். "துடைச்சு எடுத்துக்கிட்டு ஓடு" என்றாள்.

சட்டையாலேயே துடைத்து, ஊதிப் பார்த்து, கொண்டுபோய்ப் பூட்டி, பெட்ரோலைத் திறந்துவிட்டேன். மாமா திரும்பி வந்தபோது என் கையில் ஸ்பானர் இருந்தது. கையை ஓங்கிக்கொண்டுதான் வந்தார். பிறகு வண்டியைப் பார்த்தார். ஒரு கார்புரேட்டர் காய்ந்து கிடந்தது. மற்றது சொட்டியது. அவர் கை தானாகக் கீழே இறங்கியது. பெட்ரோலை அடைத்து, மற்றதின் மூடியைக் கழற்றி, ஊசியை வெயிலில் பிடித்துப் பார்த்தார். என்னிடம் டம்ளரைக் கொண்டுவரச் சொன்னார். அதையும் வெந்நீரில் போட்டு எடுத்துப் பூட்டினார். பெட்ரோலைத் திறந்துவிட்டு இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். ஒரு சொட்டு விழவில்லை. ஸ்டார்ட் பண்ணினார். வண்டி பாடிக்கொண்டு நின்றது.

"கெட்டிக்காரப் பயடா நீ" என்றார். மாமா வாயால் எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். அதற்கு மேல் கிடைக்கும் முன்னால் ஐயா வந்துவிட்டார்.

"இவ்வளவு நேரம் என்னப்பா கோளாறு?"

எனக்கு இருந்த பெருமையில் நான் முந்திக்கொண்டேன். மஞ்சள் பிடித்த சட்டை நுனியை அவரிடம் காட்டி, "சந்தனம்ங்க ஐயா. நீங்க..." என்றேன்.

மாமாவின் கை என் கன்னத்தில் விழுந்தது. ஷெட்டுச் சுவரில் போய் மோதினேன்.

"பய சேட்டை பண்ணிப்புட்டாங்க ஐயா" என்றார் மாமா. "பூசையில வச்சிருந்த ஊசிய எடுத்து வெளையாடிருக்கான். சந்தனத்த உள்ள அப்பி வச்சிட்டான். இப்பத்தான் கண்டுபிடிச்சு எடுத்தேன்."

ஐயா என்னைப் பார்த்தார். தன் மோதிர விரலைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே நின்றார். சத்தம் கேட்டு ஆத்தா கதவோரம் வந்திருந்தாள். ஐயா அவளிடம் கேட்டார்.

"பூசையில வச்சதத் தொட்டிருக்கான். நீ பாக்கலையா?"

ஆத்தா தலையைக் குனிந்தாள். "அசந்துட்டேனுங்க ஐயா."

"இனிமே இவன் ஷெட்டுப் பக்கம் வரக் கூடாது."

அவ்வளவுதான். மாமா கதவைத் திறந்துவிட, ஐயா ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்தார். மாமா பக்கத்தில் ஏறிக்கொண்டார். வண்டி விராலிமலைக்குப் போயிற்று. நான் வேலை பார்த்துக் கொடுத்த வண்டி.

அந்த வாரமே கீரனூரில் சொந்தக்காரர் ஒருவரின் டீக்கடைக்கு டம்ளர் கழுவ என்னை அனுப்பினார்கள். ஆத்தா பஸ் நிறுத்தம் வரை வந்தாள். பூஜைப் பொரியில் மிச்சம் இருந்ததை முடிந்து கொடுத்தாள். நான் கேட்டேன், "நீதான் டம்ளர்ல பாத்தியே ஆத்தா?"

"பஸ்ஸு வருது பாரு" என்றாள்.

ரோட்டில் பஸ் எதுவும் இல்லை. வெகுநேரம் வரவும் இல்லை. அதுவரை இரண்டு பேரும் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

பிறகு நடந்தது எல்லாம் என் உழைப்பு. டீக்கடையில் டம்ளர் கழுவினேன். எதிரில் இருந்த லேத்துக்காரர் டீ குடிக்க வரும்போதெல்லாம் அவர் மிஷின் சத்தத்தை வைத்தே எது தேய்ந்திருக்கிறது என்று சொன்னேன். சலித்துப்போய் அவர் என்னை உள்ளே விட்டார். அதெல்லாம் பெரிய கதை, இங்கே வேண்டாம். மாமா அந்த வேலையிலேயே இருந்தார். ஐயாவே முன்நின்று அவருக்குக் கல்யாணம் செய்து வைத்தார். ஆத்தா கண் மூடுகிறவரை அந்த அறையில்தான் இருந்தாள். நான் மாடி வீடு கட்டிக் கூப்பிட்டபோதும் வரவில்லை. "ஒன் வீட்டுல இருக்க எனக்கு என்னடா தகுதி" என்றாள். ஏதோ வயசான பேச்சு என்று விட்டுவிட்டேன்.

இந்த வருஷம் திருச்சியில் பழைய கார்களை வரிசையாக நிறுத்திக் காட்டினார்கள். என் மகன் கூட்டிக்கொண்டு போனான். கரும்பச்சை வண்டி தூரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஐயாவின் பேரன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். மரியாதையான பிள்ளை. பானெட்டைத் திறந்து வைத்திருந்தார். அந்த இரண்டு கார்புரேட்டரும் அப்படியே பளபளவென்று நின்றன. பக்கத்தில் ஒரு போர்டு. புதிதாக மாற்றாமல் பழைய கார்புரேட்டர்களோடேயே இன்றும் ஓடுகிறது, அவற்றைக் காப்பாற்றியவர் எங்கள் டிரைவர் என்று எழுதி, மாமா பெயரைப் போட்டிருந்தது. கூடி நின்றவர்களுக்குப் பேரன் கதை சொன்னார். எங்கள் தாத்தா காலத்தில் ஒரு குறும்புப் பயல் பூஜைச் சாமானில் சந்தனத்தை அடைத்துக் கெடுத்துவிட்டான், டிரைவர் அதைக் கண்டுபிடித்தார் என்று. எல்லாரும் சிரித்தார்கள். என் மகனும் சிரித்தான்.

"அந்தப் பய நான்தாங்க தம்பி" என்றேன்.

"அட, நீங்களா அது? தாத்தா சாகுற வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாருங்க" என்றார் பேரன். அவருக்குச் சந்தோஷம். என்னோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்.

அன்று சுவரில் மோதி நின்றபோது, மாமா தப்பாகப் புரிந்துகொண்டார், ஐயா அதை நம்பிவிட்டார், ஆத்தா மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். யாராவது நிதானமாகக் கேட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அந்த அடி தண்டனை இல்லை, என் வாயை அடைக்கப் போட்ட அடி என்று புரிகிற வயது அப்போது இல்லை. சாவி ராத்திரி முழுக்க யாரிடம் இருந்தது என்று ஐயாவுக்குத் தெரியும். விரலைத் தேய்த்துக்கொண்டு நின்றது அதனால்தான். தெரிந்தும், பின்னாலும் ஆயுசு முழுக்கச் சிரித்தார். ஆத்தா டம்ளரைப் பார்த்தாள். அங்கே நின்ற பெரியவர்கள் எல்லாருக்கும் உண்மை தெரியும். முதலாளி மேல் சொல்ல முடியாது. மாமா மேல் விழுந்தால் அறை போய்விடும். கையைவிட்டுப் போவதற்கு எதுவும் இல்லாதவன் நான் ஒருத்தன்தான். அதனால் என் தலையில் வைத்தார்கள். வைத்துவிட்டு அந்த அறையில் இருந்துகொண்டு சாப்பிட்டார்கள்.

தம்பி, ஐயாவின் பேரனான உங்கள் கைக்கு இது வரும் என்றுதான் எழுதுகிறேன். அந்தப் போர்டை மாற்றி எழுதுங்கள். மாமா பெயர் இருக்கட்டும், தக்கை அவர் வெட்டியது. அதற்குப் பக்கத்தில், கீழே வேண்டாம், பக்கத்தில், அதே அளவு எழுத்தில் என் பெயரைப் போடுங்கள். ஒழுகியது மேலேயிருந்து என்று பார்த்தவன் நான், அடைப்பை எடுத்தவன் நான், பூஜையில் வைத்ததை நான் தொடவில்லை என்று போடுங்கள். சந்தனம் வைத்தது யார் என்று போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம்.